டோல்கேட் காற்றுக்கு எந்த லேப்டாப்?

ஆப்பிள் நிறுவனம் மேக்புக் ஏர் லேப்டாப்புக்கு வெளியிட்டிருக்கும் தொழில்நுட்ப விவரப் பட்டியலின் அடியில் ஒரு வரி கிடக்கிறது. சுற்றுப்புற வெப்பம் 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் இயக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஷோரூமில் விற்பனையாளர் திரையின் பளபளப்பைக் காட்டுவார், எடையைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்வார். இந்த வரியை யாரும் காட்டுவதில்லை. காட்டினால் வடசென்னை டோல்கேட்காரருக்குச் சிரிப்புதான் வரும். அக்னி நட்சத்திரத்தில், தலைக்கு மேலே மொட்டை மாடி இருக்கும் வீட்டில், பிற்பகலில் அறை வெப்பம் 35க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு நல்ல நாள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான நகரம் இது.

லேப்டாப் மதிப்புரைகள் பெரும்பாலும் ஏசி அறைகளில் எழுதப்படுகின்றன. அங்கே அளந்த வேகம் இங்கே கிடைக்காது. வெயில் மட்டும்தான் பிரச்சினை என்றும் சொல்லிவிட முடியாது. டோல்கேட் மெட்ரோ நிலையத்திலிருந்து கடல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு பக்கம் மணலி சுத்திகரிப்பு ஆலை, வடக்கே அத்திப்பட்டு அனல் மின் நிலையம், நடுவே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். உப்பும் கந்தகமும் சாம்பலும் டீசல் புகையும் கலந்த இந்தக் காற்றில் ஒரு கிலோ எடையுள்ள கருவியை நான்கைந்து வருடம் ஓட்ட நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அது காற்றை உள்ளே இழுக்குமா இழுக்காதா என்பதைத்தான்.

எடை குறைந்த லேப்டாப்புகளில் அந்தக் கேள்விக்கு நேர் எதிரான இரண்டு பதில்கள் சந்தையில் இருக்கின்றன. ஒன்று, 2025 மார்ச்சில் வந்த எம்4 மேக்புக் ஏர். எடை 1.24 கிலோ, அலுமினிய உடல், விசிறியே கிடையாது. வந்தபோது இந்தியாவில் தொடக்க விலை 99,900 ரூபாய். மற்றொன்று எல்ஜி கிராம் வரிசையின் 14 அங்குல மாதிரி. எடை 999 கிராம், பாட்டா செருப்பு விலை மாதிரி ஆயிரத்துக்கு ஒன்று குறைவாக நிறுத்தியிருக்கிறார்கள். மக்னீசியக் கலவை உடல், இன்டெல் சிப், உள்ளே விசிறி. இரண்டையும் கையில் எடுத்தால் கால் கிலோ வித்தியாசம் உடனே தெரியும். மற்ற வித்தியாசங்கள் தெரிய ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஆகும்.

முதலில் சூடு. சிப்பில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல நூறு கோடி முறை மாறி மாறி இயங்குகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொஞ்சம் மின்சாரம் செலவாகிறது, செலவான அத்தனையும் கடைசியில் சூடாகவே வெளியேறுகிறது. இந்தச் செலவு வேகத்தோடு நேராக ஏறும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாக ஏறும். சிக்கல் என்னவென்றால், வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே செலவு ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாகப் போகிறது. இதைத் திருப்பிப் போட்டால் நமக்குச் சாதகமான ஒரு கணக்கு வரும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்செலவு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மெல்லிய லேப்டாப்புகள் அத்தனையும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

விசிறி இல்லாத இயந்திரம் தன் உடலின் மேற்பரப்பு வழியாகத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மேக்புக் ஏரின் அடிப்பகுதி சுமார் 30 சென்டிமீட்டர் நீளம், 21 சென்டிமீட்டர் அகலம். மேல் பக்கமும், மேசையில் பாதி மறைந்த கீழ்ப் பக்கமும் சேர்ந்து பத்தில் ஒரு சதுர மீட்டர் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். அசையாத காற்றில், கதிர்வீச்சையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒவ்வொரு டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கும் சுமார் 10 வாட்டை வெளியேற்றும். தொட்டால் சுடாமல் இருக்க உடல் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. 25 டிகிரி அறையில் வித்தியாசம் 20, அதாவது 20 வாட் வெளியேறும். டோல்கேட்டில் ஒரு மே மாதப் பிற்பகலில் அறை 36 டிகிரி. வித்தியாசம் 9தான், வெளியேறுவதும் 9 வாட்தான். அதே லேப்டாப், அதே சிப், ஆனால் அதன் வெப்ப வரம்பு பாதிக்கும் கீழே போய்விட்டது.

விசிறி உள்ள இயந்திரத்துக்கு இந்த அடி அவ்வளவு பலமாக விழாது. அதன் சூடு உடலின் வழியே போவதில்லை. உள்ளே இருக்கும் செப்புத் தகடுகளின் வழியே போகிறது, அந்தத் தகடுகளை யாரும் தொடுவதில்லை என்பதால் அவை 60 டிகிரிவரை காயலாம். 25 டிகிரி அறையில் வித்தியாசம் 35, 36 டிகிரி அறையில் 24. இழப்பு மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. விசிறி இல்லாததற்கோ பாதிக்கு மேல்.

இதோடு நிறுத்தினால் எல்ஜிதான் வாங்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் மும்மடிக் கணக்கை மறந்துவிடக் கூடாது. வெளியேறும் சூடு 20 வாட்டிலிருந்து 9 வாட்டாகச் சுருங்கினால் வேகம் பாதியாகாது, ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மிஞ்சும். அதைவிட முக்கியம், நாம் பெரும்பாலான நேரம் 9 வாட்டைக்கூடக் கேட்பதில்லை. மேக்புக் ஏரின் பேட்டரி 53.8 வாட்-மணி. இணையத்தில் உலவினால் 15 மணி நேரம் வரும் என்கிறது ஆப்பிள். வகுத்துப் பாருங்கள், சராசரிச் செலவு 3.6 வாட். கட்டுரை தட்டச்சு செய்பவரும் ஆன்லைன் வகுப்பு பார்ப்பவரும் விசிறியின் அருமையை உணரவே போவதில்லை. அரை மணி நேரம் தொடர்ந்து வீடியோ எடிட்டிங் செய்பவருக்குத்தான் அது தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது மேலைநாட்டு மதிப்புரைகளில் வராது. நம் வீட்டில் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் சுற்றுகிறது. அசையாத காற்றுக்கான கணக்கு அசையும் காற்றில் செல்லாது. மேலிருந்து வரும் காற்று மேற்பரப்பிலிருந்து சூட்டை இன்னும் வேகமாக எடுத்துச் செல்லும். விசிறி இல்லாத லேப்டாப்பை மின்விசிறிக்கு நேர் கீழே, வெறும் மேசையில் வைத்தாலே இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுவிடலாம். மெத்தையில் வைத்தால் அது மூச்சு முட்டும். விசிறி உள்ளதும் மெத்தையில் முட்டும், அதன் காற்று வழி அடியில்தான் இருக்கிறது.

இப்போது அந்தக் காற்று வழிக்குள் போவோம். லேப்டாப் விசிறி சிறியது. விநாடிக்கு ஒரு லிட்டர் காற்றை இழுக்கும் என்று குறைவாகவே வைப்போம். மணிக்கு 3.6 கன மீட்டர், நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 29 கன மீட்டர். வளர்ந்த மனிதர் ஒரு முழு நாளில் சுவாசிப்பது 11 கன மீட்டர் அளவுதான். அதாவது லேப்டாப் தன் எசமானரைப் போல இரண்டரை மடங்கு காற்றை இழுக்கிறது. மாஸ்க் போடாமல். காற்றில் மிதக்கும் 10 மைக்ரானுக்குக் குறைவான துகள்களுக்கு நம் தேசியத் தர வரம்பு, ஆண்டுச் சராசரியாக, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். வடசென்னைக் காற்று அந்த வரம்புக்குள் ஒழுக்கமாக இருப்பதாகவே கருதினாலும் வருடத்தில் அரை கிராம் நுண்துகள் அந்த மெல்லிய தகடுகளைக் கடந்து போகும். நூலிழை, தலைமுடி, கொசு போன்றவை தனிக் கணக்கு.

இந்தத் தூசி புதிதல்ல. துறைமுக நிலக்கரி பற்றி ராயபுரத்துப் பெரியவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். துணி காயப் போட முடியாத காலம் அது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்று எண்ணூருக்குப் போனது. தூசியின் நிறம் மாறியதே தவிர தூசி போய்விடவில்லை.

ஆனாலும் எலக்ட்ரானிக்ஸைக் கொல்வதில் வெறும் தூசி இரண்டாம் பட்சம். முதல் எதிரி உப்பு. அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றோடு கரைக்குள் வருகின்றன. கனமான துளிகள் கரையோரம் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும், இலேசானவை மேலும் உள்ளே போகும். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டியதும் காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரைந்து திரவமாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். சென்னையில் ஈரப்பதம் 33க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே இங்கே கடல் உப்பு படிந்த எந்தப் பரப்பும் முழுதாகக் காய்வதே இல்லை எனலாம். கண்ணுக்குத் தெரியாத உப்பு நீர்ப் படலம் ஒன்று, மின்சாரம் ஓடும் செப்புக் கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்புக்கு இந்தத் தொல்லை குறைவு. 36 டிகிரியும் 60 சதவீத ஈரமும் உள்ள காற்று உள்ளே போய் 50 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 30க்கும் கீழே விழுந்துவிடும், உப்பு காய்ந்துவிடும். அணைத்துப் பீரோவுக்குள் வைத்த பிறகுதான் சேர்ந்த உப்பு நனையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையின்போது இரண்டு மாதம் தொடாமல் வைத்த லேப்டாப், திறக்கும்போது உயிரோடு வராமல் போவதற்கு இது ஒரு காரணமாகலாம். தினமும் ஓடுவதே அதற்கு நல்லது.

இரண்டாவது எதிரி கந்தகம். கழிவுநீர் தேங்கிய பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் போனால் வரும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெள்ளிக் கொலுசு இந்தப் பக்கத்து வீடுகளில் சீக்கிரம் கறுப்பதற்கும் அதுதான் காரணம். சர்க்யூட் போர்டின் செம்போடு அது சேர்ந்தால் செப்பு சல்ஃபைடு உருவாகிறது. துருவைப் போல் அல்லாமல் அது இருந்த இடத்திலேயே நிற்காது. போர்டின் மேல் மெல்லப் படர்ந்து அடுத்த கம்பியைத் தொடும், தொட்டால் ஷார்ட். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைத் தடை செய்தது. அதன் பிறகு போர்டுகளின் மேல்பூச்சு மாறி, வெள்ளிப் பூச்சு பரவலானபோதுதான் இந்தப் படரும் அரிப்பு பெரிய தலைவலியானது. டேட்டா சென்டர் கட்டுபவர்கள் இதற்காகவே செம்பு, வெள்ளி வில்லைகளை அறையில் மாதக்கணக்கில் வைத்து, எத்தனை ஆங்ஸ்ட்ராம் அரித்தது என்று அளக்கிறார்கள். வீட்டில் அளக்க வழியில்லை. கொலுசைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விசிறி இல்லாத லேப்டாப் காற்றுப் புகாத பெட்டி அல்ல. சார்ஜர் துளை, விசைப்பலகை இடுக்கு, ஸ்பீக்கர் வழி எல்லாம் திறந்தே இருக்கின்றன. ஆனால் மெல்லக் கசிந்து வருவதற்கும் நாளுக்கு 29 கன மீட்டரை வலிய இழுப்பதற்கும் வித்தியாசம் மிகப் பெரிது. வெயில் விசிறியைக் கேட்கிறது, உப்பு விசிறியே வேண்டாம் என்கிறது. ஒரே ஊர்க் காற்று இரண்டு பக்கமும் இழுக்கிறது. பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்களுக்கு இந்த இழுபறி கிடையாது.

அடுத்து உடல். எல்ஜி எப்படி ஒரு கிலோவுக்குள் வந்தது? மக்னீசியம். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், மக்னீசியம் 1.74 கிராம். இரும்பு 7.9. அலுமினியத்தைவிட மக்னீசியம் வளையக்கூடியது, அதன் விறைப்பு அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடியாக ஏறும். அதே எடைக்கு மக்னீசியத் தகட்டை ஒன்றரை மடங்கு தடிமனாக வைக்கலாம், வைத்தால் அலுமினியத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பு கிடைக்கும். நடைமுறையில் தயாரிப்பாளர்கள் அந்த லாபத்தை விறைப்பாகத் தருவதில்லை, எடையைக் குறைக்க எடுத்துக்கொள்கிறார்கள். கிராம் லேப்டாப்பின் விசைப்பலகையை நடுவில் அழுத்தினால் லேசாக அமுங்குவது அதனால்தான். பயப்படத் தேவையில்லை, அது அப்படித்தான் இருக்கும்.

பயப்பட வேண்டியது வேறு. புழக்கத்தில் உள்ள கட்டுமான உலோகங்களில் கடல் நீரில் எளிதில் அரிபடுவது மக்னீசியம். வீட்டு கீசருக்குள் ஒரு கம்பி போட்டிருப்பார்கள், சர்வீஸ் செய்ய வருபவர் அதைக் கழற்றிக் காட்டினால் பாதி கரைந்திருக்கும். அது மக்னீசியம். தொட்டியின் இரும்பு அரிபடாமல் இருக்க அதற்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைக்கப்பட்டது. காசிமேட்டில் விசைப்படகுகளின் அடியில் பதிக்கும் துத்தநாகக் கட்டிகளும் இதே வேலையைச் செய்கின்றன. மக்னீசியம் அதைவிடவும் வேகமாகக் கரைவதால், கடல் நீரில் அதை வைத்தால் சீக்கிரமே தீர்ந்துபோகும். அப்படிப்பட்ட உலோகத்தில் செய்த லேப்டாப்பைக் கடலோரத்தில் காப்பது அதன் மேல் உள்ள பூச்சு மட்டும்தான். பூச்சு நன்றாக இருக்கும்வரை கவலையில்லை. பையிலிருக்கும் சாவி உரசி மூலையில் பூச்சு பெயர்ந்தால், அங்கே வெள்ளைப் பொடி பூக்கும். எஃகு திருகு மக்னீசியத்தைத் தொடும் இடம் இன்னும் மோசம், இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சிறிய பேட்டரி.

அலுமினியமும் அரிபடும் உலோகம்தான். அதன் அதிர்ஷ்டம், காற்று பட்டதும் தானே ஓர் ஆக்சைடு தோலை வளர்த்துக்கொள்வது. மேக்புக்கில் அந்தத் தோலை மின்வேதி முறையில் வேண்டுமென்றே தடிப்பாக்கியிருக்கிறார்கள். அது பூச்சு போல மேலே ஒட்டியது அல்ல, உலோகத்திலிருந்தே வளர்ந்தது. குளோரைடு அதையும் ஊசி முனையளவு துளைக்கும், பெரும்பாலும் வியர்வைக் கை ஓய்வெடுக்கும் இடத்திலும் சார்ஜர் துளையின் ஓரத்திலும். ஆனால் கீறல் விழுந்த இடத்தில் புதுத் தோல் மறுபடியும் உருவாகும். மக்னீசியத்துக்கு இந்தத் திறமை மிகக் குறைவு.

எல்ஜி இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் 810 தரப் பரிசோதனைகளில் உப்புப் பனி உள்ளிட்ட ஏழில் தேறியதாக விளம்பரம் செய்கிறது. அந்தச் சோதனையில் 35 டிகிரியில் 5 சதவீத உப்பு நீரை 24 மணி நேரம் பனியாகத் தெளித்து, 24 மணி நேரம் காய வைப்பார்கள். அதையே இன்னொரு முறை. மொத்தம் நான்கு நாள். சோதனை பொய்யல்ல. ஆனால் நான்கு நாள் தாங்கியது நான்கு வருடம் தாங்கும் என்று பொருள் கொள்ள முடியாது, இந்தச் சோதனையை வைத்து ஆயுளைக் கணிக்கலாகாது என்று அந்தத் தர ஆவணமே எச்சரிக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகத் துண்டுகளை மண்டபம் கடற்கரையில் வெட்ட வெளியில் வருடக்கணக்கில் வைத்து அரிப்பை அளந்து வந்திருக்கிறது. உலோகத்தைப் பற்றி உண்மை தெரிய அந்தப் பொறுமை வேண்டும். சந்தைக்கு அவ்வளவு பொறுமை இல்லை, வருடத்துக்கு ஒரு புது மாதிரி.

2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை மெட்ரோ நீண்டது. அதனால் வந்த ஒரு புதுச் சிக்கலையும் பார்த்துவிடுவோம். ஏசி பெட்டியில் 24 டிகிரியில் முக்கால் மணி நேரம் குளிர்ந்த லேப்டாப்புடன் டோல்கேட் நிலையத்தில் இறங்குகிறீர்கள். உயர்த்திக் கட்டிய நிலையம், கடல் காற்று நேராக அடிக்கிறது. 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரமும் உள்ள காற்றில், 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். கண்ணாடி போட்டவர்களுக்கு இது கணக்கில்லாமலே தெரியும், கதவு திறந்ததும் இரண்டு நிமிடம் உலகம் மங்கும். உலோக உடல் கொண்ட லேப்டாப்புக்கும் அதேதான் நடக்கிறது, உள்ளேயும் வெளியேயும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் திறக்க வேண்டாம். பையிலேயே அரை மணி நேரம் கிடக்கட்டும், பையோடு சேர்ந்து மெல்லச் சூடேறினால் பனி படியாது. இதில் விசிறி உள்ளதுக்குக் கூடுதல் ஆபத்து, குளிர்ந்த போர்டின் மேல் ஈரக் காற்றை அதுவே இழுத்து விடும்.

அலுமினிய உடலுக்கு வேறொரு பழக்கம் உண்டு. சார்ஜ் ஏறும்போது விரலால் மெல்லத் தடவினால் சுருசுருவென்று இருக்கும். ‘ஷாக் அடிக்குது’ என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் உண்டு. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு சிறு மின்தேக்கி வைத்திருப்பார்கள். இரண்டு முள் பிளக்கில் எர்த் இல்லாததால், அதன் வழியாகக் கால் மில்லியாம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் உடலுக்கு வந்து நிற்கும். ஆபத்தில்லை, ஆனால் எரிச்சல். வியர்த்த கையும் சிமெண்ட் தரையில் வெறுங்காலும் இருந்தால் இன்னும் நன்றாக உறைக்கும். செருப்பு போட்டுக்கொண்டால் போய்விடும். பெயின்ட் பூசிய கிராமில் இது தெரியாது.

பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், இரண்டுக்கும் வேதியியல் ஒன்றுதான். எல்ஜியில் 72 வாட்-மணி, எடையில் குறைந்த இயந்திரத்தில் பெரிய பேட்டரி என்பது மெச்சத்தக்க பொறியியல். ஆப்பிள் குறைந்த பேட்டரியில் அதே நேரத்தை எட்டுவது சிப்பின் சிக்கனத்தால். லித்தியம் பேட்டரிக்குச் சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் ஆகாது. பரவலாக எடுத்தாளப்படும் கணக்கின்படி, 40 டிகிரியில் முழு சார்ஜில் ஒரு வருடம் கிடந்த பேட்டரியில் கொள்ளளவு ஏறத்தாழ 65 சதவீதமாகக் குறையும். அதே சூட்டில் பாதிக்கும் குறைவான சார்ஜில் வைத்தால் 85 மிஞ்சும். எல்ஜியில் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, வாங்கிய அன்றே அதைப் போட்டுவிட வேண்டும். ஆப்பிள் நம் பழக்கத்தைப் பார்த்து முழு சார்ஜைத் தானே தள்ளிப்போடும். கரண்ட் போகுமே என்று எந்நேரமும் நூறில் வைத்திருப்பவர்கள்தான் இந்தப் பக்கம் அதிகம். அவ்வப்போது போகும் கரண்டுக்காக வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு பேட்டரியைக் கொடுப்பது நஷ்ட வியாபாரம்.

சிப் சண்டையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்டெல்லின் பரம்பரை 1978இன் 8086இலிருந்து வருகிறது, அதன் கட்டளைகள் ஒரு பைட்டிலிருந்து பதினைந்து பைட்வரை நீளம் மாறும். ஆப்பிள் பயன்படுத்தும் ஆர்ம் பரம்பரை 1985இல் பிரிட்டனில் ஏகார்ன் நிறுவனத்தில் பிறந்தது, அதன் இன்றைய கட்டளைகள் எல்லாம் நான்கு பைட். ஒரே நீளமானால் ஒரே சமயத்தில் பல கட்டளைகளைப் பிரித்துப் படிப்பது எளிது. 2020 நவம்பரில் எம்1 வந்தபோது இன்டெல் திணறியது உண்மை. 2024 செப்டம்பரில் இன்டெல் நினைவகத்தைச் சிப்போடு ஒரே பொதியில் வைத்து, தைவானில் தயாரித்து, சிக்கனத்தில் பெருமளவு நெருங்கிவிட்டது. பரம்பரையைவிட எந்த ஆலையில், எந்த நுணுக்கத்தில் செய்தார்கள் என்பதற்குத்தான் அதிகப் பங்கு.

ஆனால் மென்பொருள் வேறு விஷயம். டோல்கேட்டிலிருந்து மண்ணடிக்கும் பாரிமுனைக்கும் தினமும் போகிறவர்களில் கஸ்டம்ஸ் கிளியரிங், ஷிப்பிங், டிரான்ஸ்போர்ட் அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் ஏராளம். கணக்கெழுதும் டாலி மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி போட டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேண்டும். டோக்கனும் பழைய பிரிண்டரும் டிரைவர் கேட்கும். ஆர்ம் சிப்பில் ஓடும் விண்டோஸ் லேப்டாப்புகளும் இப்போது வருகின்றன, பழைய மென்பொருளை அவை மொழிமாற்றி ஓட்டிவிடும். ஆனால் இயங்குதளத்தின் அடித்தளத்தில் உட்காரும் டிரைவரை அப்படி மாற்ற முடியாது, அது ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். சாலிட்வொர்க்ஸ் வடிவமைப்பு மென்பொருள் படிக்கும் மெக்கானிக்கல் மாணவருக்கும் மேக் உதவாது. இவர்களுக்கெல்லாம் இயற்பியல் பேசிப் பயனில்லை, இன்டெல்தான்.

பழுதானால் என்ன என்பதும் இங்கே கணக்கில் வரும், ஏனென்றால் இங்கே பழுதாகும். இரண்டிலும் ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது. ஆனால் கிராமில் எஸ்எஸ்டி தனித் துண்டு, திருகைக் கழற்றி எடுக்கலாம். உப்பு போர்டைத் தின்றாலும் உள்ளிருக்கும் கோப்புகள் பிழைக்கும். மேக்புக் ஏரில் சேமிப்பகமும் போர்டோடு ஒட்டியது, போர்டு போனால் படங்களும் போகும். டோல்கேட்டில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு பக்கம்தான். அங்கே விசிறியைக் கழற்றித் தூசி தட்டிப் புது தெர்மல் பேஸ்ட் போடுவது சாதாரண வேலை. விசிறியுள்ள லேப்டாப்புக்கு வருடம் ஒரு முறை, பொங்கலுக்குப் பிறகு, அதைச் செய்துவிட வேண்டும். ஈரத்தால் வந்த அரிப்பைப் பொதுவாக எந்த வாரண்டியும் ஏற்காது.

ஆகவே என் தீர்ப்பு இது. கல்லூரி மாணவர், ஆசிரியர், எழுத்து வேலை செய்பவர், சாதாரண கோடிங் பழகுபவர், ஏசி இல்லாத வீட்டில் சீலிங் ஃபேனுக்குக் கீழே உட்காருபவர் யாராக இருந்தாலும் விசிறி இல்லாததையே எடுங்கள். கோடையில் இழக்கும் கால் பங்கு வேகம் சாயங்காலமானால் திரும்பி வரும், உப்பு தின்ற போர்டு திரும்பி வராது. கோப்புகளுக்கு மட்டும் வெளியே ஒரு நகல் கட்டாயம் வேண்டும். டாலி, கஸ்டம்ஸ், சாலிட்வொர்க்ஸ் என்று விண்டோஸில் கட்டுண்டவர்கள், ஏசி அலுவலகத்தில் நாளைக் கழிப்பவர்கள் கிராமை எடுக்கலாம். உறை போட்டு, மூலைகளைக் கீறாமல், 80 சதவீதத்தில் நிறுத்தி, வருடம் ஒரு முறை சுத்தம் செய்து வைத்துக்கொண்டால் போதும். இரண்டில் எதை வாங்கினாலும் கடல் பக்க ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள்.